விரல் இருந்தால் போதும்

மாலை ஆறு ஐம்பதுக்கு வண்டி ஒயிட்ஃபீல்டில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே நான் முதலில் பார்த்தது அப்பாவின் வலது கை. முகம் கூட்டத்தில் மறைந்திருந்தது. கை மட்டும் மேலே வந்து கதவோரக் கம்பியைப் பிடித்தது. நடுவிரல் முட்டியில் வெள்ளையாகத் தூள் ஒட்டியிருந்தது. சுண்ணாம்பு என்றால் இவ்வளவு நைசாக இருக்காது. முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி இருந்தது.

நான் பெங்களூர் சிட்டியில் ஏறுவேன். அவருக்காகப் பக்கத்து இடத்தில் பையை வைத்திருப்பேன். அவர் ஒயிட்ஃபீல்டில் ஏறி, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். காலையில் நான் பெண்கள் பெட்டியில் தூங்கிக்கொண்டு போவதால் ஒருவரையொருவர் பார்ப்பது இந்த மாலை வண்டியில்தான். மாரிகுப்பத்தில் இறங்கி வீட்டுக்குப் போனால் சமைத்துச் சாப்பிட்டுப் படுக்கத்தான் நேரம் இருக்கும்.

அன்று உட்கார்ந்ததும் அவர் கையை மடியில் கவிழ்த்துவைத்தார்.

"இன்னா நைனா, கையில இன்னா?"

"ஒண்ணியும் இல்ல. செவுரு."

அவர் பின்னாலேயே ஏறியவர் எங்கள் லைனில், சுரங்கக் குடியிருப்பின் வீட்டு வரிசையில், நாலு வீடு தள்ளி இருப்பவர். தங்கச் சுரங்கத்தில் கேஜில், ஆட்கள் போய்வரும் இரும்புக் கூண்டில், ஆள் ஏற்றி இறக்கியவர், இப்போது அப்பா வேலை செய்யும் கட்டடத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில் காவலாளி. நான் சித்தப்பா என்று கூப்பிடுவேன். எதிர் பலகையில் இடம் பிடித்து உட்கார்வதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"செவுராம். அது செவுரே இல்லன்னு அந்த ரோடு பூரா சொல்லுது. இவரு இன்னும் செவுருன்றாரு."

அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

சுரங்கத்தை மூடிய வருஷம் அது. அப்பா முப்பது வருஷம் பாறையில் டிரில் பிடித்தவர். அம்மா அதற்கு இரண்டு வருஷம் முன்பே இறந்துவிட்டிருந்தார். ஷிப்ட் இருந்தவரை அந்த வீட்டின் அமைதி எனக்குத் தெரியவில்லை. அவர் போவார், வருவார், தூங்குவார். மூடிய பிறகு நான் காலை வண்டிக்குக் கிளம்பும்போது நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். திரும்பும்போதும் அதே நாற்காலி வாசலைப் பார்த்தபடி இருக்கும்.

ஸ்டேஷன் டீக்கடைக்காரர் ஒருநாள் என்னைக் கேட்டார்.

"உங்க நைனா மத்தியான வண்டிக்கும் வந்து நிக்கறாரே, யாராச்சும் வர்றாங்களா?"

யாரும் வருவதாக இல்லை. வண்டி வந்து நின்று, எல்லோரும் இறங்கிப் போன பிறகு அவரும் வீட்டுக்குப் போய்விடுவாராம். நான் அவரிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

காவலாளி வேலைக்குப் போகிறேன் என்று அவரே ஒருநாள் சொன்னார். சித்தப்பா ஏற்பாடு. என் சம்பளத்தில் இரண்டு பேரும் வசதியாகச் சாப்பிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"காசுக்கு இல்லம்மா. வாசல்ல சேரு போட்டு உக்கார வெக்கறாங்களாம். வர்றவங்க போறவங்களுக்குக் கதவு தொறக்கணும். உள்ள இருந்தவரைக்கும் நான் எவன் மூஞ்சியயும் சரியாப் பாத்ததில்ல. எதுர்ல வர்றவன் தலையில இருக்கற லைட்டுதான் கண்ணுல அடிக்கும். மூஞ்சி தெரியாது. கொஞ்ச நாளு மூஞ்சியப் பாத்துக்கினு இருக்கலாம்னு."



கட்டடம் ஒயிட்ஃபீல்டில் புதிதாக எழும்பியது. ஏழு மாடி, வெளியெல்லாம் கண்ணாடி. கம்ப்யூட்டர் கம்பெனிகளை நம்பிக் கட்டியது. அந்த வருஷம் வருவதாகச் சொன்ன கம்பெனிகள் பல வரவில்லை. மூன்று மாடிகளில் ஆள் இருந்தது, நாலு மாடிகள் காலி. தரைத்தளத்தில் வரவேற்புக் கூடம். அதற்குக் கீழே கார் நிறுத்த இரண்டு தளங்கள்.

வேலையைப் பற்றிச் சொல்லும்போது சூபர்வைசர் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லியிருந்தார். கூடத்தில் சாவி, பூட்டு எதுவும் கிடையாது. ஒரு திரை இருக்கிறது. வருகிறவர் அதில் தனக்கு வேண்டிய மாடியைத் தொடுவார். உடனே ஒரு பச்சைப் பெட்டி தோன்றும். காவலாளி ஆளைப் பார்த்துவிட்டு அந்தப் பச்சைப் பெட்டியைத் தொட்டால் கதவு திறக்கும்.

அப்பா தயங்காததற்குக் காரணம் என் செய்தி. நான் ஒரு தமிழ் மாலைப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். ஏஜென்சி செய்திகளையும் கம்பெனிகள் அனுப்பும் குறிப்புகளையும் தமிழாக்கித் தலைப்பு வைப்பது என் வேலை. சில மாதங்களுக்கு முன் தொடுதிரை பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. ரயில் நிலையங்களிலும் வங்கிகளிலும் ஹோட்டல்களிலும் இனி பொத்தான் இருக்காது, கண்ணாடியைத் தொட்டாலே வேலை நடக்கும், படித்தவர் படிக்காதவர் வித்தியாசமில்லை, குழந்தைகூடப் பயன்படுத்தலாம் என்று எழுதியிருந்தார்கள். நான் வைத்த தலைப்பு: விரல் இருந்தால் போதும். ஒற்றைப் பத்தியில் இரண்டு வரிக்குச் சரியாக உட்கார்ந்தது. தலைமை உதவி ஆசிரியர் அதில் கை வைக்காமல் அனுப்பினார்.

நான் கொண்டுபோகும் பத்திரிகையை அப்பா விளம்பரம் உட்பட ஒரு வரி விடாமல் படிப்பார். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, "நல்லாக்கீது. அப்போ நம்மளாலயும் ஆவும்" என்றிருந்தார்.

*

முதல் நாள் காலை ஒரு இளைஞர் வந்து இரண்டாம் மாடியைத் தொட்டார். பச்சைப் பெட்டி வந்தது. அப்பா தொட்டார். கதவு திறக்கவில்லை. அழுத்தித் தொட்டார். திறக்கவில்லை. வரவேற்பு மேசைப் பெண் அங்கிருந்தே சொன்னார்:

"ஸாஃப்டா டச் பண்ணுங்க அங்கிள்."

மெதுவாகத் தொட்டார். அப்போதும் இல்லை. அந்தப் பெண் எழுந்துவந்து சுண்டுவிரலால் தொட்டார். டிக் என்று கதவு திறந்தது.

இதை அவர் எனக்கு அன்று சொல்லவில்லை. வாரக் கடைசியில், பின்பக்கம் துணி துவைக்கும் கல்லில் அவர் விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். தண்ணீர் ஊற்றி, இடப்பக்கம் வலப்பக்கம் மாற்றி, பாத்திரத்தின் அடிக்கரியைத் தேய்ப்பது போலத் தேய்த்துக்கொண்டிருந்தார். கேட்ட பிறகுதான் சொன்னார்.

அவருடைய விரல்கள் எனக்குத் தெரியும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளில் தோல் குதிகால் மாதிரி இருக்கும். ஓரங்களில் வெடிப்பு. அடுப்பிலிருந்து சட்டியை இறக்க அம்மா துணி தேடமாட்டார். "இடுக்கி எதுக்கு, உங்க நைனாவக் கூப்புடு" என்பார். அவரும் வந்து வெறும் கையால் இறக்கி வைப்பார்.

மறுநாள் அலுவலகத்திலிருந்து அந்தச் செய்திக் குறிப்பில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். பேசியவர் மரியாதையாக விளக்கினார். கண்ணாடியின் மேல் மிகச் சிறிய மின்சாரம் பரவியிருக்கிறது. விரல் பட்டதும் அதில் கொஞ்சம் உடம்புக்குள் இறங்குகிறது. அந்த மாறுதலை வைத்துத்தான் யாரோ தொட்டார்கள் என்று இயந்திரம் அறிகிறது. தோல் தடித்து ஈரமில்லாமல் இருந்தால் மின்சாரம் இறங்காது.

"ரொம்ப ரேர் கேஸ் மேடம்" என்றார். "எங்களுக்கு இப்படி ஒரு கம்ப்ளெய்ண்ட் வந்ததே இல்ல."

இதைச் செய்தியாக்கலாமா என்று தலைமை உதவி ஆசிரியரைக் கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"எத்தனை பேருக்கு?"

"ஒருத்தருக்கு."

"ஒருத்தருக்குன்னா அது செய்தி இல்லையேம்மா."

அவர் சொன்னது சரி. நானும் மற்றவர்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

விளக்கத்தைப் பெரிதாக்காமல் அப்பாவிடம் சொன்னேன். மாலை வண்டியில் சித்தப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ மெஷின் கணக்குல நீ செத்துப்புட்ட அண்ணாத்தே. தொட்டும் தெரியலன்னா அது பேய்தான."

"உன் வெரல வெச்சுப் பாரு. நீ உசுரோட கீறியான்னு தெரியும்" என்றார் அப்பா.

"நான் கேஜ்ல நின்னுக்கினு கை ஆட்டினவன். எனக்கு வெரலு பூவாட்டம் இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை வெந்நீரில் விரல்களை ஊறவைத்தோம். தேங்காய் எண்ணெய் தடவினோம். மருந்துக் கடையில் பித்தவெடிப்புக்கு விற்கும் களிம்பு வாங்கி வந்தேன். திங்கட்கிழமை திரை சில தடவை எடுத்தது, பல தடவை எடுக்கவில்லை. அவர் தொட்டுக்கொண்டே நிற்கும்போது வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். சூபர்வைசர் வந்து பார்த்தார். கோலார் பக்கத்துக் கன்னடக்காரர், அப்பாவைவிட வயதில் சின்னவர். கோபப்படவில்லை. ஒரு மாதம் பார்ப்பதாகவும், சரிவராவிட்டால் கீழே கார் நிறுத்தும் இடத்துக்கு மாற்றிவிடுவதாகவும் சொன்னார்.

"வேலய வுட்டு எடுக்கல இல்ல?" என்று கேட்டேன்.

"எடுக்கல" என்றார் அப்பா. பிறகு, "கீழ போறதுக்கு நான் இன்னாத்துக்கு வண்டி ஏறி இவ்ளோ தூரம் வரணும்" என்றார்.

*

சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை செய்யப்போகும் இடத்தில் தலைக்கு மேலும் பக்கத்திலும் உள்ள பாறையை முதலில் தட்டிக் கேட்பார்கள். கணீரென்று வந்தால் உட்காரலாம். பொத்தென்று வந்தால் உள்ளே பிளந்திருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் விழும். அப்போது ஆட்களை விலக்கிவிட்டு, வழியில் இரண்டு கட்டைகளைக் குறுக்கே கட்டிவிட வேண்டும். குறுக்குக் கட்டையைத் தாண்டி யாரும் போகக்கூடாது. பெரிய துரையே வந்தாலும் அங்கே நின்றுதான் ஆகவேண்டும்.

சுரங்கத்தின் ஒவ்வொரு அடுக்கிலும், அதை லெவல் என்பார்கள், இரும்புக் கம்பியால் தட்டுவார்கள். வெளியே வந்தால் விரல் முட்டியால். அப்பா போகும் இடமெல்லாம் தட்டுவார். கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, பேருந்து நிழற்குடை. தன்னைப் பெண் பார்க்க வந்த அன்றே அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார் என்று அம்மா சொல்வார். "பொண்ணு கெட்டியான்னு ஒரு வார்த்தை கேக்கல. செவுரு கெட்டின்னு தெரிஞ்சப்புறம் சரின்னுட்டாரு."

அந்த ஒரு மாதம் முடிவதற்குள் ஒரு காலை, பச்சைப் பெட்டி எத்தனை தடவை தொட்டும் மசியாமல் இருந்தபோது, அப்பா எரிச்சலில் அதை நடுவிரல் முட்டியால் தட்டினார். டிக் என்று கதவு திறந்தது. மறுபடி தட்டினார், திறந்தது. முட்டியில் தோல் மெல்லியது. அங்கே டிரில் பட்டதில்லை.

அன்று மாலை அவர் ஏறும்போதே முகத்தில் தெரிந்தது.

"இன்னா அண்ணாத்தே, கண்ணாடிக்கே கல்லு தட்டிப் பாத்தியா?" என்றார் சித்தப்பா.

"பாத்தேன். கெட்டியாதான் இருக்குது."

அடுத்த சில வாரங்கள் எங்கள் வீட்டில் பேச்சு இருந்தது. கூடத்துக்கு வந்த முகங்களை அப்பா ஒவ்வொரு நாளும் வண்டிக்குக் கொண்டுவந்தார். காலையில் முதலில் வருபவர் காதில் பஞ்சு வைத்திருக்கிறார். கல்கத்தாக்காரர் ஒருவர் கை கூப்பாமல் உள்ளே போகமாட்டார். மூன்றாம் மாடிப் பெண் காலில் மாவுக்கட்டோடு வருகிறார், கட்டின் மேல் சிநேகிதிகள் பேனாவால் கிறுக்கியிருக்கிறார்கள். மேசைப் பெண் தினமும் பத்து மணிக்கு, "டீ குடிச்சீங்களா அங்கிள்?" என்று கேட்கிறார். மாலூர் தாண்டி, தேகல் தாண்டி, பங்காரப்பேட்டையில் வண்டி வெகுநேரம் நிற்கும்போதும் சொல்லிக்கொண்டிருப்பார். அம்மா போன பிறகு அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மதிய வண்டிக்கு யாருக்காக நின்றீர்கள் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். கேட்கத் தோன்றவில்லை.

*

முட்டியில் வெள்ளைத் தூளோடு அவர் ஏறிய அன்று நடந்ததை ஒயிட்ஃபீல்டுக்கும் மாலூருக்கும் நடுவில் தெரிந்துகொண்டேன். பாதியைச் சித்தப்பா சொன்னார். பாதியை, சித்தப்பாவின் கிண்டல் பொறுக்கமாட்டாமல் அப்பாவே சொன்னார்.

திரை அதுவரை கூடத்து நடுவில் ஒரு தூணில் பொருத்தப்பட்டிருந்தது. சனி, ஞாயிறில் அதைக் கழற்றி, கதவை ஒட்டிப் புதிதாக எழுப்பிய ஒரு சுவரில் மாற்றியிருந்தார்கள். மற்றச் சுவர்களைப் போலவே பெயிண்ட் அடித்திருந்தது. அப்பாவுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை முதல் ஆள் வந்தார். பச்சைப் பெட்டி வந்தது. அப்பா தட்டினார்.

"கதவு தொறந்திச்சி. ஆனா சத்தம் சரியில்ல" என்றார் அப்பா.

"இன்னா சத்தம்?"

"பொத்துன்னு. பக்கத்துல தட்னேன், பொத்து. மேல கை எட்ற வரைக்கும் தட்னேன், பொத்து. ஒரு எடத்துல கூட கல்லு இல்ல. செவுரு பூரா உள்ள வுட்டுப்போச்சி."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. ஆள நிறுத்தினேன்."

கூட்டிப் பெருக்கும் பெண்ணிடமிருந்து இரண்டு மாப்புக் கம்புகளை வாங்கி, கதவுக்கு முன்னால் குறுக்கே வைத்துக் கயிற்றால் கட்டியிருக்கிறார். அந்தப் பெண்ணையே சூபர்வைசரை அழைத்துவர அனுப்பிவிட்டு, யாரும் சுவர்ப் பக்கம் போகாமல் கையை விரித்து நின்றிருக்கிறார். மேசைப் பெண் இன்னும் வந்திருக்கவில்லை. வேலைக்கு வந்தவர்கள் வெளியே வெயிலில் நின்றார்கள்.

"அதோட போச்சா?" என்றார் சித்தப்பா. "அஞ்சாம் மாடிய வாடகைக்குப் பாக்க வெள்ளக்காரங்க நாலு பேரு வந்தாங்களே, அத்தச் சொல்லு."

"அவங்களயும்தான் நிறுத்தினேன். அவங்க தலையில வுழுந்தா மட்டும் வலிக்காதா?"

"ஒருத்தன் அந்த மாப்புக் கட்டய போட்டோ புடிச்சானாம்மே. ஊர்ல போயி காட்டுவான், இந்தியாவுல இப்டித்தான் பூட்டறாங்கன்னு."

எங்களைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்பாவும் கொஞ்சம் சிரித்தார்.

சூபர்வைசர் ஓடிவந்து சுவரைத் தட்டிப் பார்த்திருக்கிறார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு, "ஜிப்சம் போர்டு, பெரியவரே, ஜிப்சம் போர்டு" என்றிருக்கிறார். தகரச் சட்டத்தில் அட்டை அடித்துப் பூசுவது. உள்ளே ஒன்றும் இருக்காது. அந்தக் கட்டடத்தில் பாதிச் சுவர்கள் அப்படித்தான். அப்பா நம்பாமல் இன்னொரு தடவை தட்டியதில் பூச்சு உதிர்ந்து முட்டியில் ஒட்டியிருக்கிறது.

"நான் கேட்டேன், உள்ள ஒண்ணியும் இல்லாத செவுரு இன்னாத்துக்குன்னு. மறைப்புக்குன்றான்."

"சூபர்வைசரு சிரிச்சாரா?"

"சிரிச்சாரு. மேல இருந்து மேனேஜரு எறங்கி வந்தாரு. அவரு சிரிக்கல."

வண்டி மாலூரில் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். வண்டி நகர்ந்த பிறகு அப்பா சொன்னார்:

"நாளையிலேர்ந்து கீழ."

சித்தப்பா சிரிப்பை நிறுத்தினார். "எவ்ளோ கீழ?"

"செகண்ட் லெவல்."

"முட்டியால தட்னா தொறக்குதுன்னு சொன்னியா?"

"சொன்னேன். மெஷின அடிக்கறேன்னு மேனேஜரு நெனச்சிக்கினாராம். வெரலால தொடறவன் மேல இருக்கட்டும்னுட்டாரு."

சித்தப்பா தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். பிறகு, "லெவலு உனக்குப் புதுசா அண்ணாத்தே" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்குப் போய் அப்பா சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். களிம்பு டப்பா அலமாரியில் இருந்தது. அதற்குப் பிறகு அவர் அதைத் திறக்கவில்லை.

*

மாலை வண்டியில் நான் தொடர்ந்து பையை வைத்து இடம் பிடித்தேன். அவர் தொடர்ந்து ஏறினார். இன்றைக்கு யார் வந்தார்கள் என்று ஆரம்பத்தில் சில நாட்கள் கேட்டேன். "லைட்டெல்லாம் நல்லா போட்டுக்கீறாங்க" என்பார். "காத்து வருது" என்பார். கேள்விக்கு அது பதிலாகாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். பிறகு நான் கேட்பதை நிறுத்தினேன். அவர் பத்திரிகையைப் பிரித்துக்கொள்வார். உரிகம் ஸ்டேஷன் வருவதற்குள் விளம்பரம் வரை முடிந்துவிடும்.

ஆயுதபூஜைக்கு மறுநாள் எங்கள் பத்திரிகைக்கு விடுமுறை. அப்பா அன்று மூக்குக்கண்ணாடியை ஜன்னலோரம் மறந்துவைத்துப் போய்விட்டார். எடுத்துக்கொண்டு, சாப்பாடும் கட்டிக்கொண்டு, அடுத்த வண்டியில் கிளம்பினேன்.

அந்தக் கட்டடத்துக்குள் நான் போனது அன்றுதான். கூடம் அவர் சொன்னபடியே இருந்தது. தூணில் பழைய ஆணித் துளைகளை அடைத்திருந்தது தெரிந்தது. அவருடைய நாற்காலியில் இருபத்தைந்து வயதுக்குள் ஒரு காவலாளி இருந்தார். சுவரில் திரை. யாரைப் பார்க்க வேண்டும் என்று ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் கேட்டது. கீழே மூன்று மாடிகளுக்கு மூன்று பெட்டிகள். கண்ணாடியின் ஓரத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். எதிர்பார்த்ததைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. முதல் மாடியைத் தொட்டதும் பச்சைப் பெட்டி வந்துவிட்டது. நான் தொட்டதுகூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"எந்தக் கம்பெனி மேடம்?" என்றார் காவலாளி.

கீழே இருப்பவரைப் பார்க்க வந்தேன் என்றேன்.

"பேஸ்மெண்ட்டா? அதுக்கு ஸ்க்ரீன் வேணாம் மேடம். வெளிய போயி கார் எறங்கற வழியில போங்க."

மேசைப் பெண் நிமிர்ந்து பார்த்தார். முகச்சாயலில் கண்டுகொண்டார் போலிருக்கிறது.

"அங்கிளோட டாட்டரா? அங்கிள் எப்படி இருக்காங்க? பாத்தே ரொம்ப நாளாச்சு."

"இப்பதான் பாக்கப் போறேன்" என்றேன்.

சரிவில் இறங்கினேன். முதல் தளத்தில் சில கார்கள் நின்றன. இரண்டாவது சரிவில் என் செருப்புச் சத்தம் எனக்கு முன்னால் போனது. கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சரிவைப் பார்த்தபடி. அப்பா எழுந்து தொப்பியைச் சரிசெய்து விறைப்பாக நின்றார். வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நான் வந்ததால் யார் என்று தெரியவில்லை. பக்கத்தில் போன பிறகுதான் கையைத் தளரவிட்டார்.

"நீயா? இன்னாம்மா?"

கண்ணாடியைக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு என்னை ஒரு தடவை பார்த்தார். நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். மேலே இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டார், சொன்னேன். மூன்றாம் மாடிப் பெண்ணுக்கு மாவுக்கட்டு பிரித்துவிட்டார்களா என்று கேட்டார்.

"பாக்கல நைனா."

"பிரிச்சிருப்பாங்க. நாளாச்சே."

மேசைப் பெண் விசாரித்ததைச் சொன்னேன். தலையை ஆட்டினார். கை கழுவிவிட்டு வந்து, பின்னாலிருந்த சுவரை முட்டியால் தட்டினார். கணீரென்று வந்தது. எதிர்ச் சுவர் வரை போய்த் திரும்பி வந்தது.

"கேட்டியா? கெட்டி. இங்க பயம் இல்ல" என்றார்.

தரையில் கார்களுக்கு மஞ்சள் கோடு போட்டு ஒவ்வொன்றுக்கும் எண் எழுதியிருந்தார்கள். பெயிண்ட் புதிதாக இருந்தது. மேலே நாலு மாடிகள் காலியாக இருந்ததால் முதல் தளமே நிரம்பவில்லை. இரண்டாவது தளத்துக்கு அதுவரை ஒரு கார்கூட இறங்கியதில்லை.